நாகலூர் நாட்குறிப்பு: கதண்டு வந்த மாதம்

ஏப்ரல் 6

ஏற்காட்டு மலையில் காப்பி பூத்து ஓய்ந்துவிட்டது. விறகுக் கொட்டகை விட்டத்தில் காகிதக் குளவிக் கூடு உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. மேலுறை இல்லாத சாம்பல் நிறக் கூடு, ஒற்றைக் காம்பில் தொங்குகிறது. அறிவியல் பெயர் ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி இதுதான். இதன் ராணி யாரையும் அதட்டுவதில்லை. பார்த்தால் எது ராணி என்றே தெரியாது.

அம்மாயிக்கு இந்தக் கூடு பழக்கம். விறகு எடுக்கும்போது "தள்ளி இரு சாமி" என்று அதனிடமே சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறாள்.

ஏப்ரல் 10

பத்து மணி வெயிலில் கதண்டு, அதாவது பெருங்குளவி, வந்தது. ஒன்றே ஒன்று. கொட்டகைக்குள் தாழ்வாக ஒரு சுற்று சுற்றியது, நேராகக் கூட்டின்மேல் உட்கார்ந்தது. அவ்வளவு குளவிகள் இருந்தும் எதிர்ப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. சிறகை விறைத்துக்கொண்டு பின்வாங்கின, பிறகு விட்டத்தின் மறுபக்கம் போய்க் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கதண்டு மூடியைக் கடித்துக் கிழித்து, கூட்டுப்புழுவை உருவி, தாடையில் உருட்டி உருண்டையாக்கிக்கொண்டு பறந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மாலைக்குள் அறைகள் எல்லாம் ஓட்டை.

அந்தச் சதை அதற்கல்ல. நூல் போன்ற இடுப்பு வழியாகக் கெட்டியான இரை இறங்காது. உருண்டை அதன் வீட்டுப் புழுக்களுக்குப் போகும். புழுக்கள் பதிலுக்குச் சுரக்கும் நீரை வளர்ந்தவை குடிக்கும். பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஊட்டுகிற குடும்பம்!

ஏப்ரல் 13

எந்தக் கதண்டு என்பதில் சந்தேகம் வரக் காரணம் உண்டு. கருப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை என்ற அடையாளம் நம் பக்கத்தில் இரண்டு இனங்களுக்குப் பொருந்தும்: வெஸ்பா ட்ராபிகா, வெஸ்பா அஃபினிஸ். அஃபினிஸுக்கு வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களும், அதாவது வளையத் துண்டுகளும், மஞ்சள். ட்ராபிகாவுக்கு இரண்டாவது மட்டும். முதல் கண்டம் இருண்டே இருக்கும். பறக்கும்போது இதைப் பார்ப்பது யாரால் ஆகும்?

என்னைக் கேட்டால் நிறத்தைவிடச் சாப்பாடு நல்ல சாட்சி. அஃபினிஸ் எதையும் விடாது: தேனீ, ஈ, மீன் கடை, கனிந்த பழம். ட்ராபிகாவின் முதல் குறி காகிதக் குளவிகளின் குஞ்சுகள். வியாழக்கிழமை வந்தது ட்ராபிகாவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வீடு நிறைய ஆள். பாயசம். குளவி பார்க்க நேரமில்லை.

ஏப்ரல் 20

செத்த கதண்டு ஒன்று தாழ்வாரத்தில் கிடந்தது. ஸ்கேலில் 26 மில்லிமீட்டர். முதல் கண்டம் கருப்பு, இரண்டாவது மஞ்சள். ட்ராபிகாவேதான். லென்ஸில் உணர்கொம்பை எண்ணினேன்: 12 கணு. ஆணுக்கு 13 இருக்கும். ஆகவே இது பெண், கொட்டக்கூடியது. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு உருமாறியதுதான், அதனால் ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. தேனீயின் கொடுக்குபோல இது தோலில் மாட்டிக்கொள்வதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும்.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயர் வைத்தபோது வெஸ்பா பேரினத்தில் சேர்க்கவில்லை. மண்ணில் குழி தோண்டும் தனிக் குளவிகளோடு சேர்த்து ஸ்பெக்ஸ் ட்ராபிகா என்றார். 1775இல் அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் வெஸ்பா சிங்க்டா என்று வேறு பெயர் வைத்தார். 1897இல் பூச்சியியலாளர் பிங்காம் இந்தியக் குளவிகளைத் தொகுத்தபோதும் சிங்க்டாதான். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி, அதனால் ட்ராபிகா நிலைத்தது. நிறத்தை வைத்துப் பிரித்த கிளையினங்களும் ஏராளம். அந்தப் பிரிவினையில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெஸ்பாவில் இனங்களே இருபத்துச் சொச்சம்தான்.

ஏப்ரல் 27

உருண்டையோடு கதண்டு போகும் திசையைப் பிடித்துக்கொண்டே நடந்ததில் இடம் தெரிந்துவிட்டது. மிளகுக்கொடி ஏறிய பழைய பலாவுக்குக் கீழே, கல் கட்டின் பொந்து. அஃபினிஸ் மரக்கிளையில் பெரிய கூடாகத் தொங்கவிடும். ட்ராபிகாவுக்கு இப்படிப் பொந்தும் இருட்டும் பிடிக்கும்.

பெரியப்பா கேட்டதும், "ராத்திரி பந்தம் புடிச்சிரலாம் கண்ணு" என்றார்.

"வேண்டாம் பெரியப்பா. அந்தப் பக்கம் யாரும் நடக்கறதில்லையே."

"இப்ப நடக்கல. காப்பிக் கிளை வெட்டற கவாத்துக்கு ஆளு வந்தா?"

அவர் கேட்டது நியாயம். கூட்டுப் பக்கத்தில் மண்வெட்டி பட்டால் கும்பலாக வரும். நிறையக் கொட்டு வாங்கினால் சிறுநீரகமே பழுதாகும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும், மலையிலிருந்து சேலம் இறங்குவதற்குள் மூச்சு அடைத்துவிடும். ஆனால் பந்தம் பிடிப்பவர்தான் முதலில் கொட்டு வாங்குவார் என்றேன். கடைசியில், பலாவைச் சுற்றிக் கயிறு கட்டி அந்த வரிசையைக் கவாத்திலிருந்து விட்டுவிடுவது என்று முடிவு. கூடு பெருத்து வழிப்பக்கம் ஆட்டம் கூடினால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வோம்.

கொட்டகையில் பழைய கூடு காலி. நாலு முழம் தள்ளி, அதே விட்டத்தில், புதுக் காம்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. கதண்டுக்கும் இந்த வழி தெரியும்.