பாஜாவுக்கு ஒரு ஜாக்கி

2025 ஜூன் 1, ஞாயிறு

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. பைக்கின் பின் சக்கரத்தில் ஒரு வாரமாகக் கரகரவென்று சத்தம். பேரிங்தான் என்று தெரியும். ஆனால் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றிப் பார்த்தால்தானே உறுதியாகும்? என் ஹொண்டா பாஜா காடுமேட்டில் ஓடும் பைக், டபுள் ஸ்டாண்ட் கிடையாது, சைட் ஸ்டாண்ட் மட்டும்.

இதுவரை அப்பாவின் முறைதான். அவர் பெக்டரியில் வேலை செய்த காலத்துப் பலகைத் தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார். இரண்டு பேர் தம் கட்டித் தூக்க, மூன்றாவது ஆள் பெட்டியை அடியில் தள்ள வேண்டும். இன்று நானும் மகனும் தூக்கினோம். பெட்டியின் விளிம்புத் தகரம் துருவேறி இற்றுப் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சக்கரம் இரண்டு சுற்றுக்கூட வரவில்லை, மடக்கென்று ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. பைக் என் தொடையில் சாய்ந்து, அப்படியே சரிந்து, கிளட்ச் லீவரை முறித்துக்கொண்டு படுத்தது.

“பெட்டி நல்ல பெட்டி. நீ ஆட்டுனதுதான் கோளாறு” என்கிறார் அப்பா.

2025 ஜூன் 4, புதன்

தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு இரத்தக்கட்டு. கொழும்பில் இருக்கும் மச்சானுக்கு அழைத்து, பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் ஒரு ஜாக்கி பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது: காருக்குப் போடும் போத்தல் ஜாக்கி. “ரெண்டு டன் தூக்குமாம் மச்சான், உன் பைக் என்ன பெரிய யானையா?”

என் பைக் பெற்றோலோடு 130 கிலோ சுற்றி வரும். கடையில் உள்ள எந்த ஜாக்கியும் அதைத் தூக்கும். டன் கணக்குப் பார்ப்பதே வீண். போத்தல் ஜாக்கியின் தலை ஒரு பத்து ரூபாய்க் குற்றி அளவுதான். கார் மற்ற மூன்று சக்கரத்தில் நிற்கும். பைக்கை அந்தக் குற்றி மேல் எப்படி நிறுத்துவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மனைவி கேட்டாள், ஜாக்கிக்குப் போடும் காசோடு பைக்கையும் விற்று வேறொன்று எடுத்தால் என்ன என்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். இந்த வருடம் மறுபடி திறந்திருக்கிறார்கள் என்றாலும் என் கைக்கு எட்டும் விலையில் எதுவும் கண்ணில் படவில்லை. சரி, பேரிங்கையே மாற்றுவோம்.

2025 ஜூன் 7, சனி

ஹட்டனுக்கு லீவர் வாங்கப் போனபோது மெக்கானிக் பாஸின் கராஜில் அரை நாள் கழிந்தது. அவரிடம் பேடக் ஸ்டாண்ட் இருக்கிறது. பின்னால் செருகி ஒரு அமுக்கு, சக்கரம் மேலே. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பாஸ் தலையை ஆட்டினார். “தம்பி, இது பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மைப் பிடிச்சுத் தூக்குறது. செயினுக்கு எண்ணெய் போட, வீல் கழட்ட நல்லம். ஒங்க பைக்ல சேறு போறது ஸ்விங் ஆர்மையும் சஸ்பென்ஷனையும் இணைக்கிற லிங்கேஜுக்கு. அதைக் கழட்டணும்னா ஸ்விங் ஆர்ம் சும்மா தொங்கணும்.”

அப்படியென்றால் ஃபிரேமைத்தான் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்குக் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்குக் கால்களால் ஏறும் கத்தரி ஜாக்கி. “வாங்க முந்தி டேப்பை எடுத்து ரெண்டு உயரம் அளந்து பாருங்க” என்று அனுப்பிவைத்தார்.

2025 ஜூன் 8, ஞாயிறு

அளந்தேன். தரையிலிருந்து இன்ஜின் காப்புத் தகடு வரை 27 சென்டிமீட்டர். ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது அதற்குள் நுழைய வேண்டும். அது ஒன்றும் பிரச்சினையில்லை, படத்தில் பார்த்த ஜாக்கிகள் பத்துக்குள் படுத்துவிடுகின்றன. இரண்டாவது உயரத்தில்தான் ஏமாந்திருப்பேன். 30 வரை தூக்கினால் சக்கரம் மூன்று சென்டிமீட்டர் எழும் என்றுதான் நினைத்திருந்தேன். எழாது. தூக்கத் தூக்க சஸ்பென்ஷன் நீண்டுகொண்டே வரும், சக்கரம் தரையை விடாது. மகனையும் பக்கத்து வீட்டு அண்ணனையும் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். பின் சக்கரம் தரையை விட்டபோது டேப்பில் 35.

மச்சான் அனுப்பிய கத்தரி ஜாக்கி ஏறுவதே 34. ரோட்டு பைக்குக்கு அது தாராளம். கொல்லையில் கிடந்த சவுக்குப் பலகையின் கனம் 5. பலகை மேல் வைத்தால் 39. போதும்.

2025 ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌர்ணமி லீவு. மச்சான் இன்னொரு படம் அனுப்பியிருந்தான்: காலால் மிதிக்கும் ஹைட்ரோலிக், அடியில் நான்கு உருளை, தூக்கிய பைக்கையே தள்ளிக்கொண்டு போகலாமாம். மனம் கொஞ்சம் ஆடிப்போனது. மகன் தன் கோலிக்குண்டைக் கராஜ் தரையில் வைத்தான். அது யோசிக்காமல் ஓடி வடிகானில் விழுந்தது. மழைத் தண்ணீர் வழிய வேண்டுமே என்று நானேதான் மேசன் பாஸிடம் சொல்லிச் சரிவாகச் சீமெந்து போட வைத்தேன். இந்த மலையில் உருளை வைத்த ஜாக்கி வாங்கினால் பைக்கையும் கானில்தான் தேட வேண்டும்.

திருகு வைத்த கத்தரி ஜாக்கியே வரட்டும். திருகைச் சுற்றாமல் அது இறங்காது. ஹைட்ரோலிக் பழசானால் மெல்ல மெல்ல இறங்கும். ராத்திரி முழுக்கப் பைக்கைத் தூக்கி வைத்திருக்கும் என்னைப் போன்ற சோம்பேறிக்கு அது ஆகாது.

2025 ஜூன் 14, சனி

மச்சான் பொடி மெனிக்கே ரயிலில் வந்திறங்கினான். ஜாக்கியை மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். அகலமான இரும்புத் தட்டு, மேலே இரண்டு ரப்பர் பட்டை. அப்பா தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

2025 ஜூன் 15, ஞாயிறு

முதல் தடவை சொதப்பல். காப்புத் தகட்டின் மேலேயே வைத்துத் திருகினேன். தகடு வளைந்தது, பைக் ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கி, தகட்டைக் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் ஓடும் இரண்டு ஃபிரேம் குழாய்களும் ரப்பரில் சரியாக உட்காரும்படி வைத்தேன். பின்னால் தொங்கும் லிங்கேஜில் தட்டு படக்கூடாது. ஒரு விரல் இடம் விட்டேன். பழைய டியூபை வார் மாதிரி வெட்டி முன் பிரேக் லீவரை இறுக்கிக் கட்டினேன், முன் சக்கரம் உருளாதிருக்க. பைக் தரையில் நிற்கும்போதே பின் சக்கர அச்சின் எக்சல் நட்டைத் தளர்த்தியாயிற்று. ஜாக்கியில் ஏற்றிய பிறகு அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் மறுபடி என் தொடைதான்.

ரெச்சட் ஸ்பேனரால் திருகினேன். 36இல் சக்கரம் சுழன்றது. மச்சான் இரண்டு கயிற்றால் ஹேண்டில் பாரைக் கூரைச் சட்டத்தோடு கட்டினான். தேவையா என்று கேட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றியதும் பைக் மூக்கைக் குத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தது. கயிறுதான் பிடித்தது.

பேரிங்கில் கிரீஸ் இல்லை, செம்மண் குழம்புதான் இருந்தது. லிங்கேஜிலும் அதே கதை. மாலை ஐந்தாகிவிட்டது. புதிய பேரிங் போட்ட சக்கரத்தை அப்பா ஒரு விரலால் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார். கூரையில் விழும் மழை மட்டும்தான் கேட்டது.

2025 ஜூன் 22, ஞாயிறு

ஒரே வாரத்தில் ஜாக்கியின் திருகில் மண்ணிறத் துரு. கராஜுக்குள் வரும் மூடுபனி சும்மா விடுமா? கிரீஸ் தேடினால் டப்பா இடத்தில் இல்லை. அப்பா ஏற்கெனவே எடுத்துப் பூசிவிட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.