என் நடையை அளந்தார்கள்

எனக்கு இருப்பது சார்கோட்-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். 1886-இல் இதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்கள்தான் அவை. கை கால்களுக்குப் போகும் நரம்புகள் இதில் மெல்ல மெல்லக் கெடுகின்றன. எனக்கு அம்மா வழியில் வந்தது.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத்தான் ஃபிசியோவுக்கு (இயன்முறைச் சிகிச்சைக்கு) போகிறேன். முதல் நாள் பயிற்சி எதுவும் இல்லை, வெறும் அளவெடுப்பு. 10 மீட்டர் நடக்கவிட்டு நேரம் பார்த்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறேன் என்றும் பார்த்தார்கள்; நடுவில் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது.

அப்புறம் பெர்க் சமநிலைச் சோதனை. 14 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை புள்ளி, மொத்தம் 56. அதில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு 10 விநாடி நிற்பது. மூடியதுமே உடம்பு ஆடி, ஃபிசியோ அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போவதில்லையாம். இத்தனை காலம் கண்தான் அதை ஈடுகட்டி வந்திருக்கிறது.

எனக்கு உடனே அம்மா ஞாபகம். விடிவதற்கு முன்னே தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய் அடிக்கடி தடுக்கி விழுவார். வெளிச்சம் வந்துவிட்டால் நன்றாகவே நடப்பார். வேலைக்குச் சோம்பல் என்று மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) திட்டுவார். அன்றைக்கே யாராவது அம்மாவின் நடையை இப்படி அளந்திருக்கக் கூடாதா என்று இன்னமும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

முன்பாதம் தொங்குவதால் கணுக்காலுக்குத் தாங்கி கொடுத்தார்கள். அது இல்லாமல் 10 மீட்டருக்கு 13 விநாடி, போட்டுக்கொண்டு 10 விநாடி. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்ததில்தான் தாங்கிமேல் நம்பிக்கை வந்தது.

அளவெடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே காலணியோடு போங்கள், எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட நரம்பைப் பயிற்சி சரியாக்காது. அதனால் அடுத்த ஆண்டும் அதே எண் வந்தால் அது நல்ல சேதிதான்.

வீட்டில் எங்கள் முதல் வேலை குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது கண்ணை மூடித்தானே ஆகவேண்டும். இரவில் அங்கே விளக்கை அணைப்பதும் இல்லை.