நீத்துப்பெட்டிக்கு வாய் தேடி

1990-இல் இலங்கையிலிருந்து அகதிகளாக, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் வந்து இறங்கியபோது எங்களிடம் இருந்த ஒரே சமையல் சாமான் ஓர் அலுமினியக் கேத்தல். எனக்கு ஒன்பது வயது. படகில் அம்மா அதை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு மதுரை ஆனையூர் முகாம், பத்துக்குப் பத்து அறை. கல்யாணமாகி செல்லூரில் வாடகை வீடு எடுத்த பிறகுதான் எனக்கென்று ஒரு குசினி வந்தது. இங்கே அதை அடுப்படி என்கிறார்கள்.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா வந்தார், கையில் ஒரு நீத்துப்பெட்டியோடு. பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி அது. குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் இட்டு, கூர்ப்பக்கம் உள்ளே தொங்கும்படி கொதிக்கும் பானையின் வாயில் வைத்தால், ஆவி ஓலை வழியே ஏறிப் புட்டு அவியும். வாய் அகலமாக இருந்தால் பெட்டி உள்ளே விழும். குறுகலாக இருந்தால் மேல்மா பச்சையாகவே கிடக்கும். குழல்புட்டில் எனக்கு நிறைவில்லை, அதில் ஓலை வாசம் கிடையாது. வீட்டில் இருந்த எந்தப் பாத்திரத்தின் வாயும் பெட்டிக்குச் சேரவில்லை.

கழுத்துள்ள சமையல் பானைகள் பெரும்பாலும் எவர்சில்வருக்கு முந்தின காலத்தவை. துணிப்பையில் பெட்டியைப் போட்டுக்கொண்டு பழைய பாத்திரக் கடை கடையாக ஏறினேன். திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்று கட்டிய புதுமண்டபத்தில் அப்போது தூண்களுக்கு நடுவே கடைகள் இருந்தன. இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பாத்திரங்களின் பெயர்களை அங்கேதான் படித்தேன். எங்கள் கிடாரம் இங்கே அண்டா. குடிக்கிற குவளையைப் பேணி என்று கேட்டால், வாய் அகன்ற போணியை எடுத்துக் காட்டினார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

பானை கிடைக்கும் முன் வேறு சாமான்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஊரில் ஈயச்சொம்பை நான் பார்த்ததே இல்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தேன், அடி உருகி ஊற்றிவிட்டது. “மொதல்ல ரசத்த ஊத்தணும், அப்பறந்தான் அடுப்புல வைக்கணும்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தந்தார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருந்தால் சூடு அவ்வளவுக்குப் போகாது. காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. பூர்வீகம் தெரியாத பழைய ஈயச்சொம்பை நான் வாங்குவதில்லை.

கடைசியில் பானை கிடைத்தது காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவில். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் அங்கே மலையாகக் கிடக்கும். இனாமல் தூக்குகளுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தோண்டி, களிம்பேறிக் கறுத்து. பெட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தேன். பாதி உள்ளே இறங்கி நின்றது, அசையவில்லை. கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடைபோட்டார். கூடவே ஒரு பித்தளைச் சட்டியும் வாங்கினேன்.

சட்டிக்கு ஈயம் பூச வேண்டியிருந்தது, புளி பட்டால் பித்தளை குழம்பையே கெடுத்துவிடும். தெருவில் வந்த பெரியவர் கரியடுப்பு மூட்டி, சட்டியைக் காயவைத்து, நவச்சார உப்பைத் தூவினார். வெள்ளைப் புகை எழுந்தது. ஈயக் குச்சியைத் தொட்டதும் துளிகள் உருண்டு ஓடின. பஞ்சை வைத்து ஒரே சுழற்று. மஞ்சள் முழுக்க நிலவு வெள்ளையானது. தோண்டியைக் காட்டினேன். “தண்ணிதானே கொதிக்கப்போகுது, இதுக்கு எதுக்கும்மா ஈயம்? புளி போட்டு வெளக்கு, போதும்.” வரக்கூடிய காசை வேண்டாம் என்ற அந்த மனுஷரை நான் மறக்கவில்லை.

சித்திரை முதல் நாள். முற்றமெல்லாம் வேப்பம்பூ. அடுப்படி ஜன்னலோரம் துலக்கிய பித்தளை வரிசையில் வெயில் பட்டுச் சுவரெல்லாம் மஞ்சள். தோண்டியில் தண்ணீர் கொதிக்க, பெட்டியை வைத்தேன். அம்மா வாயோரம் சுற்றி உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். ஆவி கசியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வேப்பம்பூ ரசத்தோடு வந்தார். தட்டில் கொட்டிய புட்டைக் கிள்ளி வாயில் போட்டார். “சாமி வந்திகிட்ட கேட்டது உதிந்த புட்டத்தான? இது தானாவே உதிருதே!” தன் பிள்ளைகளையும் கூப்பிட்டார்.

அம்மா தட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

“மா காணாது பிள்ளை. இன்னும் ஒரு சுண்டு குழை.”