75 திராக்மா

லண்டனில் நம் சங்கத்துக்காரர்கள் கூடினாலே யாராவது ஒருவர் "புரூட்டஸ் வந்தாச்சா?" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் வந்த கதை இது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படித்தபோது ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஒன்பது பேர். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவன் நான் மட்டும்தான். பாடம், ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர். சீசரைக் கொன்ற பிறகு ரோம் மக்கள் முன்னால், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸும் சீசரின் நண்பன் ஆண்டனியும் பேசுகிற காட்சியை டீச்சர் எங்களை நடிக்கச் சொன்னார். ஆண்டனி வேஷம் ஒரு டவுன் பையனுக்குப் போனது. "உனக்கு வசனம் கம்மி, சுலபமா மனப்பாடம் பண்ணிடலாம்" என்று எனக்கு புரூட்டஸைக் கொடுத்தார்.

ஆண்டனிக்குச் செய்யுள், புரூட்டஸுக்கு வெறும் உரைநடை. நான் பேசினால் எங்கள் தோட்டத்து குமாஸ்தா, அதான் கிராணி, நோட்டீஸ் வாசிப்பதுபோல் இருக்கும். சீசர்மேல் அன்பு குறைந்ததால் கொல்லவில்லை, ரோம்மேல் அன்பு கூடியதால் கொன்றேன் என்று எல்லாமே தராசில் நிறுத்த வாக்கியங்கள். அப்புறம், அடிமையாக இருக்க ஆசைப்படும் அற்பன் இங்கே யார் என்று ஒரு கேள்வி. யார் கை தூக்குவான்?

புரூட்டஸுக்குப் பேசத் தெரியாது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட்டம் மயங்கத்தான் செய்கிறது. ஒருவன் "இவரையே சீசராக்குங்கள்" என்று கத்துகிறான். ராஜா வேண்டாம் என்று கொலை செய்தவனுக்கே கிரீடம்! கைதட்டல் விழுந்தது, சொன்ன விஷயம் யார் மண்டையிலும் ஏறவில்லை. இதில் ஆண்டனி பேசி முடிக்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, தான் மட்டும் கிளம்பிப் போய்விடுகிறான். இப்படிப்பட்ட ஆளுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெயர் உண்டு. சங்க மலரில் அச்சிட முடியாது.

ஆண்டனி கையில் பொருளோடு வருகிறான். சீசரின் உயிலைக் காட்டிவிட்டு, படிக்க மாட்டேன் என்கிறான், கூட்டம் கெஞ்சுகிறது. "புரூட்டஸ் மரியாதைக்குரியவர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அதை வசவாக மாற்றுகிறான். சீசரின் அங்கியைப் பிடித்து, இது இன்னார் குத்திய ஓட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். குத்தும்போது அவன் அங்கே இல்லவே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான திரெபோனியஸ் அதற்கு முன்பே அவனை வெளியே அழைத்துப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் இரண்டு வேஷத்தையும் நானே தமிழில் நடித்துக் காட்டினேன். அப்பா பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ரோம் மக்களுக்கு ஆளுக்கு 75 திராக்மா காசு என்று சீசரின் உயிலில் இருப்பதைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"அந்தக் காசைக் குடுத்தாங்களா?"

எங்கள் தோட்டம் கைமாறிய வருஷம் அது. வீட்டுமனை தருகிறோம் என்று வாய்ப்பேச்சு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் மூன்றாம் அங்கத்தோடு நிறுத்தியிருந்தார். இரவு நான்காம் அங்கத்தைப் புரட்டினேன். முதல் காட்சியிலேயே, யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறான் ஆண்டனி. நடுவில் தன் கூட்டாளி லெப்பிடஸைக் கூப்பிட்டு, சீசர் வீட்டுக்குப் போய் உயிலை எடுத்து வா, கொடுப்பதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான். அவன் தலை மறைந்ததும், இவன் எடுபிடி வேலைக்குத்தான் லாயக்கு என்று பேச்சு.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். காசு கிடைக்காததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத் தானாகச் சிரித்தார்.

"அந்த லெப்பிடஸ் நம்ம கங்காணி மண்டோர் மாதிரியே இருக்கான்டா."