எங்களுக்குத் தெரியவில்லை

புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டால் புனித வாரச் சிறுநூல்கள் வந்து குவியும். மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் கண்ணோட்டிச் சரிபார்ப்போம். எனக்குப் படித்துக் காட்டிய மூத்தவர் முதல் நாளே சொல்லிவைத்தது ஒன்றுதான்: “பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் திருத்து, தம்பி. சந்தேகம் என்றால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ.”

அவர் வராத ஒரு நாளில் அந்த விதியை மீறினேன். உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலிக்குரிய வாசகம், யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரம். இருள் நீங்கும் முன்பே மகதலா மரியா இயேசுவின் கல்லறைக்கு வருகிறார். கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு பேதுருவிடம் ஓடி, ஆண்டவரை எங்கே வைத்தனரோ ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்கிறார். வந்தவர் ஒருவர், சொல்லோ பன்மை. தட்டச்சில் நேர்ந்த கைப்பிழை என்று முடிவுகட்டி ‘எனக்கு’ என்று மாற்றிவிட்டேன். 11 வசனங்கள் தள்ளி, வானதூதரிடம் மரியா ஒருமையில் பேசுவது என் முடிவுக்கு வலுச்சேர்த்தது.

பெரிய வியாழனன்று பங்குத்தந்தை அச்சான படியோடு வந்தார். கிரேக்க மூலத்திலேயே முன்னது பன்மை, பின்னது ஒருமை என்று பொறுமையாக விளக்கினார். அன்று இரவு ‘எங்களுக்கு’ என்ற ஒரே சொல்லை வரிசை வரிசையாக அச்சிட்டு, நக அளவுக்கு நறுக்கி, மைதாப் பசை தொட்டு ஒவ்வொரு படியிலும் ஒட்டினேன். பசை கூடினால் தாள் சுருங்கியது. குறைந்தால் சீட்டு நழுவியது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மாவை உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்திருந்தோம். உயிர்த்தெழுதல் பற்றி அங்கே சொல்லப்பட்ட எதுவும் என் மனத்தில் ஒட்டவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த இரவுக்குப் பிறகு நான்கு நற்செய்திகளையும் மெய்ப்பு பார்ப்பதுபோல் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். கல்லறைக்குப் போன பெண்கள் மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர், லூக்காவில் இன்னும் பலர். மாற்கில் கதிரவன் எழுந்துவிட்டது. யோவானில் இன்னும் இருட்டு. உள்ளே இருந்தவர் ஓரிடத்தில் வெண்ணாடை அணிந்த இளைஞர் ஒருவர், வேறிடத்தில் இருவர். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்னும் விவிலியக் கையெழுத்துச் சுவடிகளில் மாற்கு நற்செய்தி, பெண்கள் அஞ்சி எவரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. என் கையில் இப்படியொரு நூல் வந்திருந்தால் ஓரமெல்லாம் கேள்விக்குறிகளாகவே இருந்திருக்கும்.

இவற்றை ஒட்டவைக்க முயலாமலும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கையும் ஒரே வரலாறாக இணைத்தார். அந்த நூல் சிரியத் திருச்சபைகளில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஆயினும் நிலைத்து நின்றவை ஒன்றோடொன்று ஒட்டாத அந்த நான்குமே. ஐயப்பட்டவர்களையும் அவை மறைக்கவில்லை: பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் பிதற்றல் என்று தள்ளியதும், கலிலேய மலையில் உயிர்த்தவரைக் கண்டபோதே சிலர் ஐயுற்றதும், சாந்தோமில் நாம் போற்றும் தோமா காயத்தில் கையிட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றதும் அப்படியே இருக்கின்றன. சாட்சிகள் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு சொல்லவில்லை என்பதை மட்டும் இது எனக்குக் காட்டியது. அவர்கள் கண்டது மெய்யா என்பதற்கு அது சான்றாகிவிடாது என்பதையும் நான் அறிவேன்; ஆனால் என் நம்பிக்கை மீண்டும் வேர்விட்டது அந்தத் திருத்தப்படாத இடங்களில்தான்.

அந்தப் பன்மையில் உடன்சென்ற பெண்களின் தடம் தங்கியிருக்கலாம் என்று விளக்குவோர் உண்டு. எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரிகிறது: யோவானின் உயிர்ப்பு வரலாற்றில் வாய் திறந்து பேசப்படும் முதல் பேச்சிலேயே ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்பது இருக்கிறது.

அந்தப் படிகளில் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. பசை காய்ந்து சீட்டின் ஒரு முனை எழும்பி, அடியிலுள்ள ‘எனக்கு’ தெரிகிறது. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 அன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றிலும் தங்கள் தங்கள் கல்லறைகளுக்கு முன் நிற்கும் குடும்பங்களோடு மன்றாடும்போது, நான் மேலே ஒட்டிய சொல்லைத்தான் சொல்கிறேன்.