மதுரை, காரைக்குடி

ஜூலை 17
பொறியியல் கலந்தாய்வு ரேங்க் எண்ணை அம்மா காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். கட் ஆஃப் 200க்கு 182.5. கணக்கு 91, இயற்பியலில் பாதி 45, வேதியியலில் பாதி 46.5. எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான்.

ஜூலை 19
பெரியப்பா மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். தனியார் கல்லூரி, இரண்டாம் வருஷம். பெண்கள் விடுதிக் கதவை மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். பையன்களுக்கு 9. ஊருக்கு வர அப்பா போனில் சொன்னால் போதாது, எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் லேப் எல்லாம் புதுசு, வாத்தியார்கள் விடாமல் படிக்க வைக்கிறார்கள் என்கிறாள். அப்பா "பாதுகாப்புதானே" என்றார்.

ஜூலை 20
நூலகம் இரவு 8 வரை திறந்திருக்குமாம். ஆனால் 6 மணிக்குக் கதவு.

ஜூலை 23
எதிர்வீட்டு அண்ணன் காரைக்குடி அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அழகப்பச் செட்டியார் 1952இல் தொடங்கியது. அதே ஊரில் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிறது. அதற்கும் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர் அவர்தான். வேதியியல் பிடிக்கும் எனக்கு இதைக் கேட்டதும் படபடவென்று இருந்தது.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் அரத்தால் ராவிச் செய்த இரண்டு இரும்புத் தகடுகளைக் காட்டினார். ஒன்றில் கூர்முனை, இன்னொன்றில் அதற்கான பள்ளம். சேர்த்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஓர் ஓரத்தில் மட்டும் முடி கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. "அந்த ஓரத்துக்குத்தான் மார்க்கு போச்சு" என்றார். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். எனக்கு இப்படி ஒன்று வேண்டும். பிளேஸ்மென்ட் எத்தனை லட்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கையால் என்ன செய்தேன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

ஜூலை 24
பக்கத்துத் தெருத் தோழிக்கு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முதல் சுற்றிலேயே சீட். கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும். மனசாரச் சந்தோஷம். ஆனால் எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் எனக்கு இல்லை. அவள் அப்பாவும் தறிதான், என் அப்பாவும் தறிதான். புதுமைப் பெண் திட்டத்தின் மாசம் 1000 ரூபாய் தமிழ்வழியில் படித்த எங்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்களே, இதையும் ஆக்கினால் என்ன? இன்று வேறெதுவும் ஓடவில்லை.

ஜூலை 26
கல்லூரிகளை வரிசைப்படுத்தி சாய்ஸ் போட ஆரம்பித்தாயிற்று. மூன்று நாள் அவகாசம். கணக்கு டீச்சர் சொன்னது: ஆசைப்பட்டதை மேலே போடு. அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், கீழே இருப்பதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. சரி. ஆனால் எது ஆசை?

மதுரை தியாகராசர். அரசு உதவி பெறும் கல்லூரி. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். காரைக்குடி, அண்ணன் படிக்கும் அரசுக் கல்லூரி. விடுதியில்தான் தங்க வேண்டும். மதுரையில் நான் விரும்பும் பிரிவு கிடைப்பது கஷ்டம், சிவில் கிடைத்தாலும் கிடைக்கும். கல்லூரியா, பிரிவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஜூலை 27
இரவு 11.40. காரைக்குடி மேலே.

ஜூலை 28
காலையில் மதுரை மேலே. மத்தியானம் மறுபடி காரைக்குடி. ஐந்து மணிக்கு முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது.

ராத்திரி தறியை நிறுத்திவிட்டு அப்பா வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "காரைக்குடியில பொம்பளப் பிள்ளைகளுக்குக் கதவ எத்தன மணிக்குப் பூட்டுவாகளாம்?" என்றார். அன்றைக்கு நான் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரியவில்லை. அங்கே படிக்கும் ஓர் அக்காவின் நம்பர் தந்தார். கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 29
காலை 9.52. பத்து மணிக்கு அலாட்மென்ட். அந்த அக்காவிடமிருந்து இப்போதுதான் வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது, நாலு நிமிஷம். அப்பாவைக் கூப்பிடுகிறேன்.