இசேயில் ஒரு காலி மனை

ஜப்பானின் நகோயாவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் இசே நகரை அடைந்தேன். ஷிண்டோ சமயத்தின் தலையாய திருத்தலமான இசே ஜிங்கூவில், உணவளிக்கும் தெய்வமான தொயோஉகே உறையும் வெளிக்கோயிலான கெகூவை முதலில் வணங்கிய பிறகே, சூரிய தேவி அமாதெராசு உறையும் உட்கோயிலான நைகூவுக்குச் செல்வது வழக்கம். அதன்படியே கெகூவில் தொடங்கினேன்.

கை கழுவி, வாய் கொப்பளித்து, வானுயர்ந்த மரங்களின் நிழலில் நடந்தபோது, மூலக்கோயிலை ஒட்டி ஒரு வெற்று மனை கண்ணில் பட்டது. கூழாங்கல் பரப்பிய அந்த நிலத்தின் நடுவில் சிறு மரக்கூடு ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கோயிலைவிட அந்த மனையின் முன்புதான் நான் நெடுநேரம் நின்றேன். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே கோயிலைப் பக்கத்து மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். பேரரசி ஜிதோவின் காலத்தில், 690ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மரபு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேலாகத் தடைபட்டபோதும், 2013இல் 62ஆவது முறையாக நிறைவேறியது. அடுத்தது 2033இல் நிகழவுள்ளது.

வரலாற்றுச் சின்னம் என்றால் காலத்தால் தேய்ந்த கல்லையே தேடிப் பழகிய எனக்கு, இது பெரும் வியப்பை அளித்தது. இங்கு மரம் பழையதன்று. அதை இழைக்கும் கைவினையே பழையது. ஒரு புதுப்பிப்பில் உளி பிடிக்கக் கற்ற இளம் தச்சர், அடுத்ததில் பிறருக்குக் கற்பிக்கும் வயதை எட்டியிருப்பார். கூரை வேயும் புல்லும், தெய்வத்துக்குரிய ஆடைகளும் வாள்களும்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகவே ஆயத்தமாகின்றன.

பேருந்தில் நைகூவை அடைந்து, இசுசு ஆற்றின் மேலுள்ள உஜி பாலத்தைக் கடந்தேன். ஆற்றங்கரையில் இறங்கி நீரில் கை நனைத்தபோது உள்ளம் தானாகவே அமைதியடைந்தது. மூலக்கோயிலுக்கு ஏறும் கற்படிகளுக்கு அப்பால் படம் எடுக்க அனுமதியில்லை. மேலே, வெண்திரைக்கு முன் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்கினேன். வேலிகளுக்குப் பின்னால் கூரையின் முகடு மட்டுமே தெரிந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பாலத்தின் கோயில் பக்கத்து முனையில் நிற்கும் தோரி வாயில், பிரிக்கப்பட்ட பழைய மூலக்கோயிலின் முகட்டைத் தாங்கிய தூண்களிலிருந்து செய்யப்பட்டதாம். இங்கே 20 ஆண்டுகள் நின்றபின், அதே மரம் வேறோர் ஊரின் வாயிலாகப் பயணப்படுமாம். 1993 முதல் 2013 வரை கோயிலுக்குள் நின்ற அந்த ஹினோகி என்னும் சைப்ரஸ் வகை மரத்தில் திரும்பும் வழியில் உள்ளங்கையைப் பதித்தேன். மாலை வெயிலின் சூடு அதில் இன்னும் மிச்சமிருந்தது.